குலுக்கலில் வந்த குடிமக்கள்: டப்ளின் வழியா, பாரிஸ் வழியா?

ரயிலில் நான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் வேண்டாம் என்று பிரான்ஸில் 150 குடிமக்கள் கூடிப் பேசிச் சொன்னார்கள். 2021இல் வந்த சட்டத்தில் அது இரண்டரை மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. 2023இல் ஆணை வெளியானபோது தடைக்குள் வந்தவை, பாரிஸின் ஆர்லி விமான நிலையத்திலிருந்து நாந்த், லியோன், போர்தோ செல்லும் மூன்று தடங்கள் மட்டுமே. அந்த 150 பேரில் ஒருவராக நான் இருந்திருந்தால், இத்தனை வார இறுதிகளை எதற்காகக் கொடுத்தேன் என்று கேட்டிருப்பேன்.

குடிமக்கள் பேரவை என்ற ஏற்பாடு எளிமையானது. வயது, பாலினம், ஊர், தொழில் ஆகியவற்றில் நாட்டின் சாயல் வரும்படி சாதாரண மக்களைக் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். நிபுணர்களை அவர்கள் முன் பேச வைக்கிறார்கள். கேள்வி கேட்கவும் விவாதிக்கவும் போதிய நாட்கள் கொடுத்து, கடைசியில் பரிந்துரை கேட்கிறார்கள். இதில் அயர்லாந்தும் பிரான்ஸும் ஒன்றுதான். பரிந்துரை கைக்கு வந்த பிறகு அது எந்த வாசலுக்குப் போகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுவே.

அயர்லாந்தின் அரசியலமைப்பில் 1983இல் சேர்க்கப்பட்ட எட்டாவது திருத்தம், தாயின் உயிருக்கும் கருவின் உயிருக்கும் சம உரிமை கொடுத்து, கருக்கலைப்பை ஏறக்குறைய முழுவதுமாக அடைத்துவிட்டது. கர்நாடகத்திலிருந்து போய் அங்கே பல் மருத்துவராக இருந்த சவிதா ஹலப்பனாவர், கரு பிழைக்காது என்று தெரிந்த பிறகும் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, நச்சுக் குருதியால் 2012 அக்டோபரில் இறந்தார். அந்த மரணத்துக்குப் பிறகும், கட்சிகள் இந்தக் கேள்வியைக் கையில் எடுக்கத் தயங்கின. 2016இல் அதை 99 குடிமக்களிடம் கொடுத்தார்கள். தலைமை தாங்கியவர் உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லாஃபாய்.

டப்ளினுக்கு அருகே மாலஹைடில் ஒரு ஹோட்டல் கூடம். வட்ட மேசைகள், ஒவ்வொன்றிலும் பேச்சை நெறிப்படுத்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஐந்து வார இறுதிகள். மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் பேசினார்கள். இரு தரப்பு இயக்கங்களும் பேசின. ஒரு நாள் ஆறு பெண்களின் பதிவுசெய்யப்பட்ட குரல்களை ஒலிக்கவிட்டார்கள். இந்தச் சட்டத்தோடு தங்கள் வாழ்க்கை எப்படி மோதியது என்று அவர்கள் சொல்வதை, முகம் பார்க்காமல் 99 பேரும் கேட்டார்கள். 2017 ஏப்ரலில் வாக்களித்தபோது 64 சதவீதத்தினர், காரணம் கேட்காமலே கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்றார்கள். அவ்வளவு தூரம் போவார்கள் என்று அரசியல்வாதிகள் எதிர்பார்க்கவில்லை. அடுத்து நாடாளுமன்றக் குழு ஆராய்ந்தது. அதன் பிறகு, 2018 மே 25 அன்று, முழு நாடும் வாக்களித்தது: திருத்தத்தை நீக்க 66.4 சதவீதம் ஆதரவு.

பிரான்ஸில் கேள்வியே கடல்போல விரிந்தது: 2030க்குள் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தை, 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து குறைந்தது 40 சதவீதம் சமூக நீதியோடு எப்படிக் குறைப்பது? எரிபொருள் வரியை எதிர்த்துக் கிளம்பிய மஞ்சள் மேலங்கிப் போராட்டம் நாட்டை உலுக்கிய பின்னணியில் பிறந்த பேரவை அது. பரிந்துரைகளை ‘வடிகட்டாமல்’ கொண்டுபோகிறேன் என்று அதிபர் மக்ரோன் வாக்குக் கொடுத்தார். 2019 அக்டோபரில் தொடங்கிய அந்த 150 பேர் 2020 ஜூனில் 149 முன்மொழிவுகளைக் கையில் கொடுத்தார்கள். அதிபர் உடனே மூன்றை ஒதுக்கிவைத்தார். நெடுஞ்சாலை வேக வரம்பை 110 கிலோமீட்டராகக் குறைப்பது அதில் ஒன்று. மீதமிருந்தவற்றில் பல, அமைச்சகங்களிலும் நாடாளுமன்றத்திலும் கரைந்தன. 2021 பிப்ரவரியில் அதே குடிமக்கள் மீண்டும் கூடி, தங்கள் முன்மொழிவுகளை அரசு எந்த அளவுக்கு ஏற்றது என்று மதிப்பெண் போட்டார்கள். சராசரி, பத்துக்கு 3.3.

இந்த இரண்டில் நான் அயர்லாந்தின் பக்கம். 149 முன்மொழிவுகளைப் பிய்த்துப் பிய்த்து எடுத்துக்கொள்ள எந்த அரசாலும் முடியும். ஒரே கேள்விக்கு ஒரே பதில் என்று வந்து, அது வாக்குச்சாவடிக்கும் போகிறது என்றால் ஒளிய இடமில்லை. ‘இவர்களை யார் தேர்ந்தெடுத்தது?’ என்ற நியாயமான ஆட்சேபத்துக்கும் அங்கே பதில் இருக்கிறது: 99 பேர் எதையும் முடிவு செய்யவில்லை, நாடு முடிவு செய்தது. பிரான்ஸிலோ, எல்லாம் ஒரு தனிமனிதரின் வாக்குறுதியில் தொங்கியது. கருணைச் சாவு பற்றி 2022-23இல் 184 பேரைக் கூட்டியபோது பிரான்ஸும் கேள்வியைச் சுருக்கிக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

அயர்லாந்து 2012இல் தொடங்கிய முதல் முயற்சியில், 66 குடிமக்களோடு 33 அரசியல்வாதிகளும் உட்கார்ந்தார்கள். பேச்சுத் திறன் உள்ளவர்கள் மேசையை ஆக்கிரமிப்பார்கள் என்ற பயம் இருந்தது. ஆனால் கூடத்தில் இருந்தவர்களே பிறகு நாடாளுமன்றத்தில் ஒருபாலினத் திருமணத்துக்கான பரிந்துரைக்காகப் பேச முடிந்தது. அது 2015இல் பொது வாக்கெடுப்பில் 62 சதவீத வாக்குகளுடன் நிறைவேறியது.

அயர்லாந்திலும் எல்லாம் சுபமில்லை. 99 பேருக்குப் போக்குவரத்து, தங்கும் செலவு தவிர எதுவும் தரவில்லை; தினக்கூலிக்காரர் எப்படி வருவார்? பிரான்ஸ் நாள்படி கொடுத்தது. அந்த ஒன்றில் பிரான்ஸ்தான் சரி. கருக்கலைப்பு விவாதம் முடிந்து பல மாதங்கள் கழித்து, ஆள் சேர்த்த ஊழியர் ஒருவர் தெரிந்தவர்கள் மூலமாகவே 7 பேரைச் சேர்த்திருந்ததும் வெளியே வந்தது. குடவோலை பார்த்த நமக்கு இது விளங்கும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் 30 குடும்புகள், குடத்தில் ஓலைகள், எடுக்க ஒரு சிறுவன் என்று எல்லாம் கச்சிதம். ஆனால் ஓலையில் பெயர் எழுதவே கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் வேண்டும். குடத்துக்குள் யார் பெயர் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு அடி 2024 மார்ச்சில் விழுந்தது. வீட்டுப் பராமரிப்புப் பணியை அரசு ஆதரிக்கக் கடமைப்பட்டது என்ற பொருளில் அயர்லாந்தின் இன்னொரு பேரவை கேட்டதை, ‘ஆதரிக்க முயலும்’ என்று நீர்த்த சொல்லாக்கி வாக்கெடுப்புக்கு விட்டார்கள். 73.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பேரவையின் சொல்லை மாற்றியதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால்தான் பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழிப் பகுதி என்னை ஈர்க்கிறது. 2019இல் அங்கே இதை நிரந்தர ஏற்பாடாகவே ஆக்கினார்கள். குலுக்கலில் வந்த 24 பேர் கொண்ட குழு, என்ன கேள்வியை எடுப்பது என்பதையே தீர்மானிக்கிறது. அந்தக் கேள்வியை விவாதிக்க வேறொரு பேரவை கூடுகிறது. ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நாடாளுமன்றத்துக்கு இல்லை. ஆனால் மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும். ஓய்ப்பென் நகரத்து நாடாளுமன்றத்தில், பரிந்துரை எழுதியவர்களை எதிரே உட்காரவைத்து, பகிரங்கமாகப் பதில் சொல்கிறார்கள். ஏற்றுக்கொண்டது என்ன ஆயிற்று என்று பேச அவர்களை மறுபடியும் அழைக்கிறார்கள்.