நீல வெள்ளையா, இளஞ்சிவப்பா?

சீனப் பழம் பீங்கான் சேகரிக்கத் தொடங்குபவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்: பேரரசர் காங்ஸி காலத்து (1662–1722) நீல வெள்ளை, அல்லது அடுத்து வந்த பேரரசர் யோங்ஜெங் காலத்தில் செழித்த இளஞ்சிவப்பு வண்ண வகை. இரண்டுக்கும் தாயகம் சீனாவின் ஜிங்டெஜென் நகரச் சூளைகள்தான்.

நீல வெள்ளையில் கோபால்ட் ஓவியம் மெருகுப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. சுமார் 1,300 டிகிரி சூட்டில் பூச்சோடு சேர்ந்தே வெந்துவிடுவதால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சீனப் பீங்கான் ஏற்றிப் போய் 1752இல் மூழ்கிய கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பலின் சரக்கை 1980களில் வெளியே எடுத்தபோதும் நீலம் நின்றிருந்தது. பூச்சின்மேல் தீட்டிய வண்ணங்கள் பெரும்பாலும் கடலோடு போயிருந்தன.

இளஞ்சிவப்பு நிறம் தங்கத்தின் நுண்துகளால் வருவது. பூச்சின்மேல் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். ஒரு பூவிதழில் ரோஜா நிறம் வெள்ளையோடு கரைகிற அந்த அழகுக்கு ஈடே இல்லை. ஆனால் தேய்மானம் உண்டு, பிற்காலத்தில் திருத்தி வரைந்ததும் உண்டு. சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

முதலில் வாங்குவதற்கு நான் நீல வெள்ளையைத்தான் சொல்வேன். சரி, அடியில் காங்ஸி முத்திரை இருந்தால் போதுமா? போதாது. 19ஆம் நூற்றாண்டில் அதை ஏராளமாக எழுதினார்கள். அப்புறம், 1677இல் பேரரசர் பெயரைப் பொறிக்க உள்ளூர் அதிகாரி தடை விதித்ததால், அசல் பாத்திரங்கள் பலவற்றில் வெறும் இரட்டை வளையமோ ஓர் இலையோதான் இருக்கும்.