பேஜ்மேக்கர் சிடிக்குப் போட்ட நகல்கள்: பத்து வருடத்துக்கு மேலான அனுபவம்

எங்களுடையது சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ரசீது புத்தகம் எல்லாம் இன்றைக்கும் பேஜ்மேக்கர் 7-இல்தான் ஓடுகிறது. 2001-இல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பழைய ஃபைல்களுக்காகவே ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினியை வைத்திருக்கிறோம். அது படுத்துவிட்டால் சிடி வேண்டும். சிடியை அப்படியே ஒரே ஃபைலாக்கிய ஐஎஸ்ஓவை எக்ஸ்பி தானாகத் திறக்காது.

2012-இல் எல்லா சிடிகளுக்கும் நகல் போட்டேன். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளுக்குப் பாதுகாப்பு நகல் வைத்துக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே இடம் தருகிறது. பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று வட்ட ஸ்டிக்கரில் பெயர் அச்சடித்து ஒட்டினேன். அங்கேதான் கெட்டது. இரண்டு கோடை தாண்டியதும் ஓரம் சுருண்டது. நகத்தால் உரித்தால், ஸ்டிக்கரோடு வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது. டிஸ்க்கைத் தூக்கிப் பிடித்தால் அந்த ஓட்டை வழியே எதிர்ச்சுவர் காலண்டர் தெரிகிறது! சிடியில் பதிவு இருப்பது மேல்பக்கம், மெல்லிய வார்னிஷ் பூச்சுக்கு அடியில். நானோ கீழ்ப்பக்கத்தில் கீறல் விழாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். டிவிடியில் பதிவு இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் தாங்கும்.

அப்புறம் இம்ஜ்பர்ன் என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளுக்கு மாறினேன். 2013-இல் வந்த 2.5.8 பதிப்புதான் இன்றும். முதலில் டிஸ்க்கை இமேஜ் ஃபைலாக எடுத்துக்கொள்வேன். ஆடியோ ட்ராக் கலந்த சிடியாக இருந்தால் ஐஎஸ்ஓ வராது, பின் (.bin), க்யூ (.cue) என்று இரண்டு ஃபைல் வரும். ட்ராக் விவரம் உள்ள க்யூவை விட்டுவிட்டு .bin ஃபைலை மட்டும் காப்பி செய்து முழித்திருக்கிறேன். எழுதி முடித்ததும் ட்ரே வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், எழுதியது சரியா என்று ஒப்பிடும் வெரிஃபை ஓடும். கடையில் ஆள் நிற்கும்போது அதைத் தவிர்க்கத் தோன்றும். அப்படித் தவிர்த்து எழுதிய மூன்றில் ஒன்று பின்னாளில் பாதியில் நின்றது. இப்போது வெரிஃபை ஆன பிறகும் வேறொரு டிரைவில் போட்டு முழுக்கப் படிக்க வைக்கிறேன். எழுதிய டிரைவ் தன் எழுத்தைத் தானே படித்துவிடும், அடுத்த டிரைவ் திணறலாம்.

ஒரு மூல சிடியே படிக்காமல் அடம்பிடித்தது. லினக்ஸில், கெட்ட டிஸ்க்கிலிருந்து முடிந்ததை மீட்கும் டிடிரெஸ்க்யூ போட்டேன். ஒரு டிரைவில் விடுபட்ட இடங்களை மேப் ஃபைலில் குறித்துக்கொண்டு, இன்னொரு டிரைவில் அதை மட்டும் தேடிப் படித்தது. ராத்திரி விட்டுவிட்டுப் போனேன், காலையில் முழுசாக இருந்தது.

இமேஜ்கள் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஷா-256 எண்ணும் (ஃபைலில் துளி மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) பக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில். வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குக் கடையைத் துடைக்கும்போது, ஒப்பிட்டுப் பார்ப்பேன். இதுவரை மாறவில்லை.

தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு மட்டும் டாங்கிள் உண்டு, அதைக் கணினியில் செருகினால்தான் மென்பொருள் ஓடும். அதை நகலெடுக்க எனக்கு வழி தெரியவில்லை. பஞ்சு சுற்றி, மருந்து டப்பாவில் போட்டு, கல்லாவில் வைத்திருக்கிறேன்.