இலவசமாக வந்த ஜல்லிக்கட்டுப் படம்

மதுரை சிம்மக்கல் பக்கம் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், வருசக் கடைசியில் காலண்டர். போன கார்த்திகையில் அரிசிக்கடை அண்ணாச்சி ஒருவர் வந்து, "தம்பி, இந்தத் தடவை சாமி படம் வேணாம், மாடு பிடிக்கிற படம் போடு" என்றார்.

'ஒரு மாசம் இலவசம், பத்து படம்' என்றது, போட்டோக்களுக்கு லைசென்ஸ் விற்கிற ஒரு ஸ்டாக் இமேஜ் சைட். கார்டு நம்பர் கேட்டது, கொடுத்தேன். படம் அருமை. திமிலை அணைத்துத் தொங்குகிற பையன், கடித்த பல், கன்னத்தில் ஒட்டிய மண். சிவகாசியில் 1,000 காலண்டர் அடித்து வந்தது.

ஜனவரி முதல் வாரம் பாலமேட்டிலிருந்து போன். "எங்க மச்சான் மூஞ்சிய வச்சு அரிசி விக்கிறீகளா? யாரக் கேட்டுப் போட்டீக?"

லைசென்ஸ்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் சைட்டைத் திறந்தேன். படத்துக்குக் கீழே, கண்ணை இடுக்கினால்தான் தெரிகிற சாம்பல் எழுத்தில் 'எடிட்டோரியல் யூஸ் ஒன்லி'. செய்திக்கும் கட்டுரைக்கும் போடலாம், கடை விளம்பரத்துக்குக் கூடாது. படத்தில் இருப்பவர் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் மாடல் ரிலீஸ் இல்லாத படங்களை இப்படித்தான் விற்கிறார்கள். வாடிவாசல், சித்திரைத் திருவிழாக் கூட்டமெல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான். அந்த நெரிசலில் யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது? தேடும்போதே ஃபில்டரில் எடிட்டோரியலை எடுத்துவிட்டிருந்தால் இந்தப் படம் என் கண்ணிலேயே பட்டிருக்காது. 'ராயல்டி ஃப்ரீ' என்பதையும் நான் இத்தனை வருசமாக இலவசம் என்றே நினைத்திருந்தேன். ஒருமுறை லைசென்ஸ் வாங்கினால் பயன்படுத்தும்போதெல்லாம் காசு கட்ட வேண்டாம், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அதுவும் லைசென்ஸில் சொன்ன எல்லைக்குள்.

சைட்டின் சாட்டில் கேட்டால், விதிமுறைப் பக்கத்தின் லிங்க்கை மட்டும் அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள்.

அண்ணாச்சி நல்ல மனுசன். பாலமேட்டுக்கு நேரில் போய், ஒரு மூட்டை பொன்னியை இறக்கி, பேசி முடித்தார். மூட்டைக் காசு என் கணக்கில். கொடுக்காமல் மிச்சமிருந்த 300 காலண்டரில் அந்தப் படத்தின் மேல் மீனாட்சி ஸ்டிக்கர் ஒட்டினோம். கடைசியில் சாமி படம்தான்.

கார்டு கதை தனி. இலவச மாசம் முடிந்ததும் பணம் போய்விட்டது. இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னால் மெசேஜ் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வந்துதான் இருந்தது. பொங்கல் ஆஃபர் மெசேஜ்களுக்கு நடுவில் நான்தான் பார்க்கவில்லை. கேன்சல் பண்ணப் போனால், நான் எடுத்தது மாசச் சந்தாவே இல்லையாம். வருசச் சந்தாவை மாசாமாசம் கட்டுவதாம். நடுவில் விட்டால் மீதி மாசங்களுக்கான பணத்தில் பாதி அபராதம். 'மாதம் இவ்வளவு' என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள், 'ஆண்டு ஒப்பந்தம்' என்பதை அதன் அடியில் எறும்பு மாதிரி ஊரவிட்டிருக்கிறார்கள். இலவசம் எடுத்த அன்றைக்கே கேன்சல் பண்ணி, அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

பேங்க் ஆப்பில் ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிட்டேன். அபராதம் கேட்டு வாரம் ஒரு மெயில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.