லூப் ஹேபிட் டிராக்கர்: ஒரு நாள் விட்டாலும் கைவிடாத செயலி

பல பழக்கச் செயலிகள், ஒரு நாள் விட்டால் தொடர்ந்து செய்த நாட்களின் எண்ணிக்கையைச் சுழியத்துக்குக் கொண்டுபோய்விடும். அன்றோடு ஆளும் விட்டுவிடுவார். லூப் அப்படியில்லை. தினசரிப் பழக்கம் ஒன்றைத் தவறாமல் செய்தால், அது எவ்வளவு பதிந்திருக்கிறது என்று காட்டும் மதிப்பு ஒரு மாதத்தில் 80 சதவீதம், இரண்டு மாதத்தில் 96, மூன்று மாதத்தில் 99. எண்பதில் இருக்கும்போது ஒரு நாள் தவறினால் 76 ஆகும், அவ்வளவுதான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்தப் பொறுமைதான் தேவை.

ஆண்ட்ராய்டில் மட்டும் கிடைக்கிறது. இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்கு தொடங்க வேண்டாம், நெட் இல்லாமலும் ஓடும்.

பழக்கத்தைச் சேர்க்கும்போது பெயருக்குக் கீழே கேள்வி எழுத ஓர் இடம் உண்டு. நினைவூட்டலில் அந்தக் கேள்விதான் வரும். ஆகவே 'தியானம்' என்று பெயரோடு நிறுத்தாதீர்கள். 'தண்ணீர் பிடித்து வைத்ததும் மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து விட்டாச்சா?' என்று தினமும் நடக்கிற வேலையோடு முடிச்சுப் போடுங்கள். டீயைக் குறைக்க நினைப்பவர்கள் 'மெஷரபிள்' (எண்ணில் அளப்பது) வகையில் 'அட் மோஸ்ட்' (அதிகபட்சம்) தேர்ந்து, இலக்கு 3, அலகு கிளாஸ் என்று வைக்கலாம். மதுரையில் தெருவுக்கு நாலு டீக்கடை இருக்க, பூஜ்யம் என்று இலக்கு வைப்பது வீண்.

கட்டத்தைத் தொட்டால் டிக் விழவில்லையே என்று பலர் குழம்புவார்கள். அழுத்திப் பிடிக்க வேண்டும். செட்டிங்ஸில் ஒரே தொடுதலுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், ராத்திரி பரோட்டாக் கடை என்று நள்ளிரவு தாண்டி வேலை பார்ப்பவர்களுக்கு அங்கேயே இன்னொரு வசதி: நாள் முடிவதை அதிகாலை 3 மணி வரை தள்ளிவைக்கலாம். தூங்கா நகரத்துக்கு இது பெரிய உதவி. காய்ச்சல், சித்திரைத் திருவிழா போன்ற நாட்களுக்கு 'ஸ்கிப் டேஸ்' வசதியை இயக்கி, அந்த நாளுக்கு டிக்குக்குப் பதில் ஸ்கிப் குறி போட்டால் மதிப்பு குறையாது, தொடர்ச்சியும் அறாது.

அதிகம் வரும் புகார் நினைவூட்டல் வராததுதான். ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணியில் செயலியை நிறுத்திவிடும். ஆப் செட்டிங்ஸில் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, ஆட்டோஸ்டார்ட்டை இயக்குங்கள்.

குறையும் உண்டு. ஒரு பழக்கத்துக்கு ஒரே நினைவூட்டல் நேரம்தான். காலை, மாலை இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு பழக்கங்களாகச் சேர்க்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன் அனுமதி இல்லை என்பதால், ஆடி வீதியைச் சுற்றுபவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்துக்கே நினைவூட்டலை வையுங்கள்.

டிக் போடச் செயலியைத் திறக்காதீர்கள். அப்படியே வாட்ஸ்அப்புக்குக் கை போய்விடும். அறிவிப்பிலேயே 'யெஸ்' பொத்தான் இருக்கிறது, முகப்புத் திரையில் விட்ஜெட்டும் வைக்கலாம். பதிவெல்லாம் போனுக்குள்ளேயே இருப்பதால், மாதம் ஒருமுறை முழு பேக்கப் எடுத்து கூகுள் டிரைவில் போட்டு வையுங்கள்.