தடுப்பா, ஓட்டுநரின் கட்டுப்பாடா?

2024 ஏப்ரல் 21 அன்று இலங்கையின் தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் மோட்டார் பந்தயத்தில் தடம் விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து, 8 வயதுச் சிறுமி உட்பட 7 பேரின் உயிரைப் பறித்தது. இத்தகைய விபத்தைத் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது ஓட்டுநரின் பொறுப்பு. ஆபத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடி அசைந்தால் அவர் வேகத்தைக் குறைத்து, முந்தாமல் செல்ல வேண்டும்.

இரண்டாவது, வளைவின் வெளிப்புறத்தில் எவரையும் நிற்கவிடாமல், தடத்தைவிட உயர்ந்த மேட்டில், உறுதியான தடுப்புக்குப் பின்னால் மக்களை நிறுத்துவது. இதற்குச் செலவு அதிகம். ஆயினும் நான் இதையே முதலில் கேட்பேன். ஏனெனில் புழுதி கண்ணை மறைக்கும் மண்தடத்தில் சக்கரம் பிடியிழந்தால், தேர்ந்த கையாலும் காரைத் திருப்ப முடியாமற்போகலாம். பிள்ளையைத் தோளில் சுமந்து வரும் தகப்பனுக்கோ கொடியின் பொருள்கூடத் தெரிந்திருக்காது. 1986 போர்த்துக்கல் ரலி கார் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்திற்குள் பாய்ந்தபோது, முன்னணி அணிகளின் ஓட்டுநர்களே போட்டியிலிருந்து விலகினார்கள்.