ஒற்றை வரிசையா, நாலு மூலையா?

கொழிஞ்சாம்பாறையில் அக்கா மகன் சக்கர ஹாக்கிக்கு ஷூ கேட்கிறான். ஆட்டத்தில் இரண்டு வகை உண்டே, எதற்கானதை வாங்குவது?

இன்லைன் ஹாக்கியில் சக்கரங்கள் ஒரே வரிசை. அடிப்பது ‘பக்’ என்ற தட்டையான வட்டு. ரிங்க் ஹாக்கியில் முன்னே இரண்டு, பின்னே இரண்டு சக்கரம். பந்து, வளைந்த மட்டை. இரண்டிலும் களத்தில் அணிக்கு ஐந்து பேர்தான்.

பெருமை பார்த்தால், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக (பதக்கக் கணக்கில் சேராதது) வந்தது ரிங்க் ஹாக்கி. இறுதியில் ஸ்பெயினை அதன் மண்ணிலேயே அர்ஜென்டினா சாய்த்தது. இன்லைனுக்கு அந்த யோகமில்லை. ஆனால் 1996 முதல் 2017 வரை சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் நாடுகளுக்கு ஓர் உலகப் போட்டி நடத்தியது. ரோலர் ஸ்கேட்டிங் சம்மேளனம் தனியாக இன்னொன்று. ஒரே ஆட்டத்துக்கு இரண்டு உலகச் சாம்பியன்கள்! கேரள எல்லையின் வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்கூட இவ்வளவு குழப்பமில்லை.

என் ஓட்டு நாலு மூலைக்கே. புதிதாக ஏறுபவனுக்கு நிற்கத் தோது. பையனுக்கோ வேகம்தான் வேண்டுமாம்.