சித்தியின் டிக்ரீயைத் தேடி: ஒரு கவுண்டி கோர்ட்டின் ரெக்கார்ட்ஸ் கவுன்ட்டர்

2025-இல் சித்திக்கு 62 வயது முடிந்தது. அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து அவருடைய கணக்கைப் பார்த்தோம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கல்யாணமாகி கலிஃபோர்னியா வந்தபின் பல வருடம் வேலை செய்ய அனுமதி இல்லாத விசா. அப்புறம் ஒரு டே கேரில் பாதி நேர வேலை. அதை வைத்து மாதாமாதம் வரக்கூடிய தொகை வாடகையில் பாதிக்குக்கூடக் காணாது.

விவாகரத்தான பெண் முன்னாள் கணவரின் கணக்கை வைத்தும் பணம் கேட்க வழி உண்டு. வயது 62 ஆகியிருக்க வேண்டும், மறுமணம் செய்திருக்கக் கூடாது, அந்தக் கல்யாணம் குறைந்தது 10 வருடம் நீடித்திருக்க வேண்டும். முழு ஓய்வு வயதில் கேட்டால் அவருடைய தொகையில் பாதி வரை கிடைக்கும், அதற்கு முன்பே கேட்டால் குறையும். அவருக்குப் போகும் பணத்தில் ஒரு சென்ட்கூடக் குறையாது.

“எனக்கு அது கிடைக்காதுடி. பத்து வருஷத்துக்கு ரெண்டு மாசம் குறைச்சல்” என்றார் சித்தி. 1987 செப்டம்பரில் கல்யாணம், 1997 ஜூலையில் விவாகரத்து மனுவில் கையெழுத்து. அந்த ஜூலை மாதத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதாகவே அத்தனை வருடமும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் சோஷியல் செக்யூரிட்டி கணக்குப் பார்ப்பது விவாகரத்து இறுதியான தேதியை. அந்தத் தேதி டிக்ரீயில், அதாவது கோர்ட்டின் விவாகரத்துத் தீர்ப்பில் இருக்கும். சித்தியிடம் டிக்ரீ இல்லை. மூன்று வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது.

அதைத் தேடிப் போன கதைதான் இந்த விமர்சனம். எந்தக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்று எழுதப் போவதில்லை. விவாகரத்து வழக்கு இங்கே பொது ஆவணம். கவுண்டியும் வருடமும் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் சித்தியின் ஃபைலைக் கேட்டுப் பார்த்துவிடலாம். மத்தியப் பள்ளத்தாக்குப் பக்கம் என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம்.

முதலில் நான் போன தப்பான வழிகளைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்காவது பணம் மிச்சமாகட்டும். கூகுளில் தேடியதும் மேலே வந்தது ஒரு தனியார் தளம். ஒரு டாலருக்கு விவாகரத்து விவரம் என்றது. கிடைத்தது சித்தியின் பழைய முகவரிகள் நாலும், ‘விவாகரத்து ஆகியிருக்கலாம்’ என்று ஒரு வரியும். அடுத்த மாதம் கார்டில் சந்தாப் பணமும் எடுத்துக்கொண்டார்கள். சோஷியல் செக்யூரிட்டி கேட்பது அசல், அல்லது ஆவணத்தை வைத்திருக்கும் அலுவலகமே சான்றளித்த நகல். வீட்டில் எடுத்த ஜெராக்ஸும் செல்லாது, நோட்டரி முத்திரை வைத்த நகலும் செல்லாது. தனியார் தளங்கள் தரும் ‘ரிப்போர்ட்’டை அங்கே எடுத்துக்கொண்டு போய்ப் பயனே இல்லை.

அடுத்து மாநில அரசு. பிறப்பு, இறப்புச் சான்றிதழ் தருகிற மாநில சுகாதாரத் துறை விவாகரத்துக்கும் ஒரு சான்று தருகிறது. ஆனால் 1962 முதல் 1984 ஜூன் வரை தாக்கலான வழக்குகளுக்கு மட்டும்தான். அதுவும் டிக்ரீ கிடையாது, இன்னாருக்கும் இன்னாருக்கும் இந்தக் கவுண்டியில் வழக்கு நடந்தது என்கிற அளவில் ஒரு காகிதம். அதற்குப் பிந்தைய வழக்கு என்றால் அது நடந்த கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட்டைத் தவிர வேறு வாசல் இல்லை. கலிஃபோர்னியாவில் 58 கவுண்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். கல்யாணம் எங்கே நடந்தது, இப்போது எங்கே குடியிருக்கிறோம் என்பதெல்லாம் கணக்கில்லை. வழக்கு எங்கே தாக்கலானதோ அங்கேதான் போக வேண்டும்.

சரி, தபாலில் கேட்டுப் பார்ப்போம் என்று எழுதினேன். ஐந்து வாரம் கழித்து நான் வைத்த செக்கோடு கடிதம் திரும்பி வந்தது. கூடவே அச்சடித்த ஒரு துண்டுச்சீட்டு, அதில் ‘கேஸ் நம்பர் இல்லை’ என்பதற்கு எதிரே ஒரு டிக். அவ்வளவுதான். கேஸ் நம்பர் தெரியாதவர்கள் தேடல் கட்டணமும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று அந்தச் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? பத்து நிமிடத்துக்கு மேல் தேட வேண்டியிருந்தால் 15 டாலர் என்பதைக் கோர்ட்டின் கட்டணப் பட்டியலில் நானாகத் தோண்டித்தான் கண்டுபிடித்தேன். தொலைபேசியில் இரண்டு நாள் முயன்றேன், இசைதான் கேட்டது. வயதானவர்கள், வேறு மாநிலத்துக்குக் குடிபோனவர்கள், ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் எல்லாருக்கும் தபாலும் தொலைபேசியும்தான் வழி. அதை இப்படி வைத்திருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோர்ட் இணையதளத்திலும் தேடினேன். அந்தக் கவுண்டியின் பெயர்த் தேடலில் 1990-களின் வழக்குகள் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் குடும்ப வழக்குகளில் பட்டியலும் வழக்கின் நடப்புக் குறிப்பும் மட்டும்தான் பொதுமக்களுக்கு வெளியிலிருந்து தெரியும், ஆவணத்தைத் திறந்து பார்க்க முடியாது. மாநில விதியே அப்படி. பார்க்க வேண்டுமென்றால் கோர்ட்டுக்கு நேரில் வர வேண்டும். சித்தியின் குடும்ப விவகாரம் யாரோ ஒருவர் போனில் விரியாமல் இருப்பதை நினைத்தால் இந்த விதி நல்லதுதான்.

ஆக, ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு சித்தியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் பெல்ட்டைக் கழற்றி, பையை ஸ்கேனரில் விட்டு, முதல் மாடியில் ரெக்கார்ட்ஸ் பிரிவு. ஓரத்தில் பொதுமக்களுக்கு என்று இரண்டு கம்ப்யூட்டர். பழைய வழக்குகளும் அதில் இருந்தன. நாமே தேடினால் கட்டணம் இல்லை.

தமிழர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். நம் பெயர்கள் அந்தப் பட்டியலில் எப்படி ஏறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சித்தி இப்போது லாஸ்ட் நேமாக வைத்திருப்பது தாத்தாவின் பெயர். அதைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இந்திய பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை லாஸ்ட் நேமாக மாற்றியிருந்தார். அதைப் போட்டேன், அதுவும் இல்லை. வெறும் இனிஷியலையே லாஸ்ட் நேமாகப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் முன்பெயரையும் பின்பெயரையும் இடம் மாற்றினேன். அரை மணி நேரம் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி, “அவரோட லாஸ்ட் நேம் அவங்கப்பா பேரு. வக்கீல் எனக்கும் அதையேதான் போட்டார்னு நெனைக்கிறேன்” என்றார். மாமனார் பெயரை லாஸ்ட் நேமாகவும், சித்தி பெயரின் முதல் எழுத்தை மட்டும் முன்பெயராகவும் போட்டதும் ஒரே ஒரு வழக்கு வந்து நின்றது. சித்தியின் பெயரில் ‘த’வுக்கு நாங்கள் எப்போதும் போடும் ‘எச்’ அங்கே இல்லை. முழுப் பெயரை அடித்திருந்தால் கிடைத்தே இருக்காது. இரு தரப்புப் பெயரிலும் வழக்கு பதிவாகியிருக்கும், ஆகவே கணவர் பெயரிலும் தேடுங்கள். எழுத்துகளைக் குறைத்துப் போட்டுத் தேடுங்கள்.

கேஸ் நம்பரோடு கவுன்ட்டருக்குப் போனோம். எங்களைக் கவனித்த கிளார்க்கைப் பற்றி மனதார நாலு வார்த்தை சொல்ல வேண்டும். ‘இங்கே சட்ட ஆலோசனை தருவதில்லை’ என்ற பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. ‘இது சோஷியல் செக்யூரிட்டிக்குப் போதுமா’ என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவும் இல்லை. ஆனால் முழு ஃபைலும் வேண்டுமா, தீர்ப்பு மட்டும் போதுமா என்று நிதானமாக விளக்கிக் கேட்டார். பழைய ஃபைல் மைக்ரோஃபிலிமில் (காகிதங்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்த ஃபிலிம்) இருக்கிறது, 40 நிமிடம் ஆகும் என்றார். சொன்னபடி 40 நிமிடத்தில் கூப்பிட்டார். பணம் வாங்குவதற்கு முன்பே அச்சுப் பக்கத்தைக் கண்ணாடிக்கு அடியில் எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்து, “இதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்.

இப்போது எஃப்எல்-180 என்ற எண்ணில் வரும் தீர்ப்புப் படிவத்தின் பழைய வடிவம் அது. மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்ததால் ஓரமெல்லாம் கருத்து, எழுத்துகள் கொஞ்சம் வீங்கியிருந்தன. நடுவில் ‘திருமண நிலை முடியும் தேதி’ என்று ஒரு வரி. அதில் டைப்ரைட்டரில் அடித்த தேதி கோட்டுக்கு மேலே லேசாக ஏறி நின்றது. 1998 பிப்ரவரி.

கலிஃபோர்னியாவில் மனு எதிர்த்தரப்புக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம் ஆகாமல் கல்யாணம் சட்டப்படி முடியாது. சித்தப்பாவுக்கு மனு போய்ச் சேர்ந்தது 1997 ஆகஸ்டில். சித்தி நினைவில் வைத்திருந்தது ஜூலையில் தான் போட்ட கையெழுத்தை. கல்யாணம் இருந்தது 10 வருடம் 5 மாதம்.

சித்தி அந்த வரியை மூன்று முறை வாசித்தார். “ரெண்டு மாசம் குறைச்சல்னு இருபத்தேழு வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேனே” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நாம கேட்டது அவருக்குத் தெரியவருமா?” என்று என்னிடம் கேட்டார். யாருக்கும் தகவல் போகாது என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் கைப்பையைத் திறந்து பணத்தை எடுத்தார்.

விவாகரத்துத் தீர்ப்புக்குச் சான்றளிக்க 15 டாலர், நகலுக்குப் பக்கம் 50 சென்ட். தீர்ப்பும் அதோடு இணைந்த ஒப்பந்தமும் சேர்த்து 11 பக்கம், ஆக ஒரு பிரதிக்கு 20 டாலர் 50 சென்ட். இரண்டு வாங்கினோம். ஒன்றே போதும் என்று நினைக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை நீக்க, மறுமணம் செய்ய, துணைவருக்கு கிரீன் கார்டு கேட்க, எல்லாவற்றுக்கும் இந்தக் காகிதம்தான் வேண்டும். இந்தியாவில் காட்டப் போகிறீர்கள் என்றால் மேற்கொண்டு மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கவைக்கும் சான்று) வாங்க வேண்டும், அது ஆவணத்துக்கு 20 டாலர். கடைசிப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள். அசலுக்குச் சரியான நகல் என்ற வாசகம், தேதி, கிளார்க்கின் கையெழுத்து, முத்திரை நாலும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஸ்டேப்பிளைப் பிரிக்காதீர்கள். பிரித்து வேறு பக்கம் சொருகியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் வாங்க மறுப்பார்கள்.

நேரில் போனதற்கு ஐந்துக்கு ஐந்து. தபாலுக்கும் தொலைபேசிக்கும் ஒன்றுதான் தர முடியும். தபாலில் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் இரு தரப்புப் பெயரையும் எத்தனை விதமாக எழுதியிருக்க வாய்ப்புண்டோ அத்தனை விதமாகவும் எழுதுங்கள், தாக்கலான வருடத்தைச் சுமாராகவாவது குறிப்பிடுங்கள், தேடல் கட்டணத்தைச் சேருங்கள், தபால்தலை ஒட்டி முகவரி எழுதிய உறையை உள்ளே வையுங்கள். பக்கம் எத்தனை என்று தெரியாததால் தொகையை நிரப்பாமல், ‘இத்தனை டாலருக்கு மேல் போகக் கூடாது’ என்று செக்கிலேயே எழுதி அனுப்பும் முறை பல கோர்ட்டுகளில் உண்டு. உங்கள் கவுண்டி அதை ஏற்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் எங்களுக்கு நேரம் கொடுத்தார்கள். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் டிக்ரீயைத் திருப்பி முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். முன்பக்கத்துக்கு வந்து அந்தத் தேதியைக் கம்ப்யூட்டரில் அடித்தார், ஸ்கேன் செய்தார், காகிதத்தை அப்படியே எங்களிடம் திருப்பிக் கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.